தையல்நாயகியும் ஒரு பை மல்லாட்டையும்

எங்கள் பிரம்மதேசத்தில் தையல்நாயகியை யாரும் வெறுக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் அவள் வாசல் பக்கம் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். வளைகாப்புக்கு அழைப்பார்கள், வளையல் அடுக்கும் நேரம் பார்த்து, உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அவளும் போய்விடுவாள். கட்டிய புருஷனுக்கே ஆகாத ராசி என்று அவளுக்குப் பெயர். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலாவது அவள் இரண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள்.

நான் அடுத்த வீடு. ராசி, குறி என்று எவளாவது ஆரம்பித்தால் நன்றாகத் திட்டிவிடுவேன். ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர் இருந்ததால் அவளுக்கு என்னிடம் பேச்சு ஒட்டிக்கொண்டது.

அவளை மரக்காணத்தில் கொடுத்திருந்தார்கள். புருஷன் சகாதேவனுக்கு உப்பளத்தில் கூலி வேலை. உப்பு வாரிக் குவிப்பான். நல்லவன்தான், அம்மா பேச்சுக்கு மறுபேச்சு பேசத் தெரியாத நல்லவன். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே அவனுக்கு முட்டி வீங்க ஆரம்பித்தது. வயிறு உப்பிக்கொள்ளும், தலை கனக்கும், முழங்கை மடிப்பில் ஓயாத அரிப்பு. நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்கிறானே, அதுதான் என்றார்கள். கூட நின்றவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஊசி போட்டார்கள், மாத்திரை தின்றான். போவதும் வருவதுமாக இருந்தது வலி.

மாமியார் ராசம்மாள்தான் அதைக் கண்டுபிடித்தாள். மருமகள் தாய் வீட்டுக்குப் போனால் மகன் எழுந்து நடக்கிறான். அவள் திரும்பி வந்த சில நாளில் படுத்துவிடுகிறான். ராசம்மாளின் கண்ணைக் குறை சொல்ல முடியாது, பார்த்தது அத்தனையும் சரி. வருகிறவள் கையில் ஒரு பை இருந்ததை மட்டும் பார்க்கவில்லை. எங்கள் நிலத்தில் விளைவது வேர்க்கடலை, நாங்கள் மல்லாட்டை என்போம். தாய் வீட்டிலிருந்து வேறு என்ன கொண்டுபோவாள்? அவித்து வைப்பாள், சட்னி அரைப்பாள், குழம்பில் அரைத்து ஊற்றுவாள். சகாதேவன் விரும்பித் தின்பான். தின்ற அன்று ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் காலையில்தான் முட்டி பிடித்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் தின்கிறார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. அதன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

குறி கேட்டார்கள். பெண் கால் வைத்தது சரியில்லை என்று வந்தது. 2004 சித்திரையில் சகாதேவனே அவளைக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டான். "கொஞ்ச நாள் இருந்துட்டு வா, நானே வந்து கூட்டிக்கினு போறேன்" என்றானாம்.

அண்ணன் சிவஞானம், விதை மூட்டை போடும் பின்னறையை ஒழித்துக் கொடுத்தான். ஒரே வீட்டில் ரெண்டு அடுப்பு. பகலெல்லாம் கூலிக்கு மல்லாட்டை உரிப்பாள். சாயங்காலம் மரக்காணத்து பஸ் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். பஸ் போன பிறகு மறுபடி உரிப்பாள். ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பதைப்போல வெறுப்பான வேலை வேறு இல்லை என்பாள்.

ஒரு நாள் மரக்காணத்துக்குப் போய்வந்த யாரோ சொன்னார்கள், சகாதேவன் ஆள் தேறிவிட்டான், மூட்டை தூக்குகிறான் என்று. அவள் ஓடிவந்து என்னிடம் சொன்னாள். "யக்கா, அவருக்கு ஒடம்பு நல்லாயிட்டுதாம்." முகமெல்லாம் சிரிப்பு. அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவன் தேறத் தேற, ஆகாதவள் இவள்தான் என்பது உறுதியாகிக்கொண்டே போகிறது. "எங்கிட்ட நெசமாவே ஏதோ இருக்குதாக்கா?" என்று கேட்டாள். போடி பைத்தியம் என்றேன். ஆனால் அப்போது எனக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. கரையெல்லாம் நாசமானது, உப்பளங்கள் சேறாகிக் கிடந்தன. நிவாரணம் என்று லாரி லாரியாக வந்து இறங்கியதில் பெட்டி பெட்டியாகக் கடலை மிட்டாயும் இருந்தது. வேலை இல்லை, அரிசிக்குத் தட்டுப்பாடு. சகாதேவன் அதையே தின்றுகொண்டு கிடந்தான். முட்டி வீங்கியது, அரிப்பு வந்தது. மருமகள்தான் பக்கத்தில் இல்லையே, இப்போது யாரைச் சொல்வது? ராசம்மாள் அசரவில்லை. "அங்க இருந்தே ஏதோ பண்ணிட்டா" என்றாள்.

மருத்துவ முகாமுக்கு வந்த ஒரு டாக்டரம்மா அவனைக் கேட்டது வேறு கேள்வி. முந்தாநாள் என்ன சாப்பிட்டாய்? சிலருக்குச் சில சாப்பாடு உடனே காட்டாமல் ரெண்டு மூணு நாள் கழித்துக் காட்டலாம் என்றார். அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இன்னும் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்துவராத விஷயம், கடலையைக் கொஞ்ச காலம் அடியோடு விட்டுப் பார், பிறகு கொஞ்சம் தின்று பார் என்றாராம்.

அடுத்த ஆவணியில், ஒரு மத்தியானம், சகாதேவன் வந்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"தையலு, உன்மேல ஒண்ணும் இல்ல. எல்லாம் அந்த மல்லாட்டைதான்" என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். "கெளம்பு, போலாம்."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து புடவைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.  போய் நல்லா வாழுடி மகராசி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மடித்துக்கொண்டே, "டாக்டரம்மா சொன்ன ஒடனே நம்பிட்டீங்களா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அதெப்படி? ரெண்டு மாசம் கையால தொடல. நல்லா இருந்துது. அப்புறம் ஒரு கை தின்னு பாத்தேன், மூணாம் நாளு புடிச்சிக்கிச்சு. அப்பவும் எனக்கு மனசு கேக்கல. மறுபடி விட்டு, மறுபடி தின்னு பாத்தேன். அதேதான்."

"அவ்ளோ வலிய வெச்சிக்கினு மறுபடி தின்னீங்களா?"

"பின்ன? ஒரு வாட்டிய வெச்சிக்கினு சும்மா அதுமேல பழி போட முடியுமா?"

அவள் கை நின்றது. மடித்த புடவை மடியிலேயே கிடந்தது. பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"என்னை எத்தினி வாட்டி பாத்தீங்க?"

 "அம்மா சொன்னாங்க..." என்றான். 

"பதில் சொல்லுங்க. சொன்னா வர்றேன்."

சாயங்கால பஸ் வரும்வரை அவன் உரிக்கக் கிடந்த மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. அவளை அப்படி ஒரு வாட்டிகூடச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் பதில். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட அவள் கிளம்பியிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவன் சொல்லவில்லை. தனியாகத்தான் பஸ் ஏறினான்.