நினைவுக் கோப்பில் நான் எழுதிய வரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதைப் பெருமை மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். போன வருடத்துக்குப் பிறகு சொல்வதில்லை.

நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி, நான், ஓர் அக்கா, மூன்றே பேர். அக்கா கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் படித்து வேலை பார்த்தவர். பிள்ளைகளை வளர்க்க நின்றுவிட்டு, பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்திருந்தார். மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வேன் என்றிருந்தார் முதலாளி. அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் "சேத்துக்குவாங்களா தம்பி?" என்று கேட்பார்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தின் மீன் ஏலத்துக்கு ஓர் ஆப் செய்துகொண்டிருந்தோம். எந்தப் படகு முதலில் வந்ததோ அதன் மீன் முதலில் ஏலம் போகும். அந்த வரிசையை வியாபாரிகளின் போனுக்கு அனுப்ப வேண்டும். அதன் ப்ரோகிராம் கோடில் பெரும்பகுதியை ஏஐ ஏஜென்ட்தான் எழுதியது. கெட்டிக்காரன்தான், ஆனால் புதிதாகத் திறக்கும்போதெல்லாம் அதற்கு எல்லாம் மறந்துபோயிருக்கும். நேற்று தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னதை இன்று மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதனால் ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே ஒரு நினைவுக் கோப்பு வைத்தேன். வேலை தொடங்குமுன் ஏஜென்ட் அதைப் படித்துக்கொள்ளும். அக்கா திறந்தாலும் நான் திறந்தாலும் அதே கோப்பு. போனில் மெசேஜ் அடிக்கிற மாதிரி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைப்பேன். திட்டுவதும் அதிலேயே. 'அதத் தொடாதடா, எத்தன தடவ சொல்றது!' அதுவும் புரிந்துகொள்ளும். எதை ஏன் அப்படிச் செய்தோம் என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக எழுதி வைத்தேன்.

அந்தப் பொறுமை அக்காவிடம் இல்லை. ஒரே கேள்வியை அவர் இரண்டாம் முறை கேட்டாலே எரிந்து விழுவேன். ஒரு நாள் அவர் தேதி விஷயத்தில் எதையோ மாற்ற, என் திரையில் ஏல வரிசை காலியாகிவிட்டது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கக்கூட இல்லை. அந்த எரிச்சலில் அவர் பெயரைப் போட்டுக் கோப்பில் அடித்தேன்: 'இவங்க பண்றத நம்பாத. தேதியத் தொட்டா பழையபடி மாத்திடு.' அடித்ததும் மனசு ஆறிவிட்டது. அடுத்த நிமிடம் மறந்தும்விட்டேன்.

கோப்பு மறக்குமா? மறக்கக் கூடாது என்றுதானே வைத்தது. அக்கா மாற்றுவார். சாயங்காலம் எல்லாவற்றையும் சரிபார்த்துச் சேர்க்க ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டு நான் கிளம்புவேன். காலையில் அவர் மாற்றியது இருக்காது. "நேத்து பண்ணேனே தம்பி, காணோமே" என்பார். "சேவ் பண்ணீங்களாக்கா?" என்பேன். இப்படி மூன்று முறை. பாவம், தன்மேலேயே சந்தேகம் வந்து, சேவ் செய்யும்போதெல்லாம் ஒரு தாளில் டிக் போட ஆரம்பித்தார். போதாததற்கு நான் முதலாளியிடம் போய், "அக்காவுக்குக் கொஞ்சம் மறதி சார்" என்று சொல்லி வைத்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

மூன்று மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை மத்தியானம், என் மாற்றமெல்லாம் எங்கே போகிறது என்று அக்கா ஏஜென்ட்டையே கேட்டிருக்கிறார். "தம்பி, இங்க வாயேன்" என்றார். குனிந்து படித்தேன். என் வசவை அது நல்ல மரியாதைத் தமிழில் எழுதியிருந்தது: 'இவர் செய்யும் மாற்றங்களை நம்ப வேண்டாம் என்றும், தேதி தொடர்பானவற்றைப் பழைய நிலைக்கு மாற்ற வேண்டும் என்றும் நினைவுக் கோப்பில் உள்ளது. அதன்படி மூன்று முறை மாற்றியுள்ளேன்.' அந்த வரியை எழுதியவர் யார் என்பதும் கீழே இருந்தது. என் பெயர்.

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு.

"நான் எதுக்கு மாத்துனேன்னு கேட்டியா?" என்றார். அவர் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மீன் வண்டி ஓட்டுகிறவர். "ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற போட்டுக்கும் ரெண்டு மணிக்கு வர்ற போட்டுக்கும் விடிகாலைல ஒரே ஏலந்தான். நீ பண்ணதுல பன்னண்டு மணிக்கு நாள் மாறிடுது. மொதல்ல வந்தவன் முந்தின நாள் லிஸ்ட்ல போய் உக்காந்துக்கறான். அதான் நாள மத்தியானத்துலேர்ந்து ஆரம்பிச்சேன்."

நூற்றுக்கு நூறு சரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெஷினு மறந்துடக் கூடாதுன்னு இவ்ளோ எழுதி வெச்சிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க முடியல இல்ல?"

சாயங்காலம் முதலாளி முடிவு சொல்வதற்குள் அவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உள்ளே போனேன். வாயைத் திறந்தால் என்ன வந்தது தெரியுமா? "சார், அக்கா மேல தப்பில்ல. அந்த ஏஜென்ட்தான் கொழப்பிடுச்சு. இப்ப சரி பண்ணிட்டேன்." அவ்வளவுதான். முதலாளி சிரித்தார். அக்காவுக்கு வேலை உறுதியாயிற்று. கதவு திறந்தேதான் இருந்தது. அக்காவின் மேசை கதவுக்கு வெளியே நாலடியில்.

அந்த வரியை அன்றே அழித்தேன். திங்கட்கிழமை ஏஜென்ட்டுக்கு அது சுத்தமாக நினைவில்லை. அக்கா மாற்றியதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. நாள் மத்தியானம் தொடங்கும் என்று, காரணத்தோடு, அக்கா கோப்பில் ஒரு வரி சேர்த்திருந்தார். என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் "வேலையப் பாருங்க சார்" என்றார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதில்லை.