நீல டிரம் மங்களே

"வலப்பக்கம் விடுடா! பீடத்த வலப்பக்கம் விடு!" என்று கெல்சன் கத்தினார்.

அவன் காதில் விழவில்லை. முதுகுக் கூடையில் நீல டிரம், கூடையைத் தாங்கும் பட்டை நெற்றியில், கண் தரையில். மலைத் தேவதைக்குக் கட்டிய கற்பீடத்தை இடப்பக்கம் விட்டு, காலையில் போட்ட வாசனைத் தழை இன்னும் புகைந்துகொண்டிருந்த இடத்துக்கு மூன்றடி தள்ளி, தள்ளாடிக்கொண்டு போனான். டிரம்மின் மூடி ஒரு பக்கம் நெகிழ்ந்திருந்தது. கல்லின் மேல் நான்கைந்து சொட்டு விழுந்தது.

டிரம்மில் இருந்தது முகாம் கக்கூஸின் மலம். பதினோரு வெளிநாட்டுக்காரர்களுடையது. எங்களுடையதும்தான்.

"பன்னி மேய்க்கிற பய. காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்திருக்கான். தேவதை மேல ஏறுற ஆளுங்கள சும்மா விடுவாளா?" என்றார் கெல்சன். அவர் எங்களுக்கெல்லாம் மேஸ்திரி. யார் எந்தச் சுமையை எடுப்பது, யார் எந்தக் கூடாரத்தில் படுப்பது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். அவன் போன பிறகு ஆளைவிட்டுக் கல்லைக் கழுவச் சொன்னார். தண்ணீர் கல்லிலேயே உறைந்துவிட்டது. கறைகள் பனிக்கட்டிக்குள் பத்திரமாகத் தெரிந்தன.

டிரம் எடுக்கிறவனுக்கு வேறு வழி உண்டு. கூடாரங்களுக்குப் பின்னால், சரளைக்கல் மேட்டில் ஏறி இறங்கிப் பீடத்தின் கண்ணில் படாமல் போக வேண்டும். கால் மணி நேரம் கூடுதல். ஆறு நாளாக அவன் அப்படித்தான் போய்வந்தான்.

அவன் பெயர் மங்கள்மான் ராய். எல்லோருக்கும் மங்களே. செவ்வாய்க்கிழமை பிறந்தவன் என்பதால் அந்தப் பெயர். நானும் செவ்வாய்தான். எங்கள் ஷெர்பா பேச்சில் அதற்கு மிங்மா. வந்த அன்று சமையல் கூடாரத்து வாசலில் நின்று இதைத்தான் முதலில் சொன்னான்.

"நீங்களும் செவ்வா, நானும் செவ்வா. எனக்கு ஒரு கரண்டி கூடப் போடணும்ண்ணே."

"போடறேன். வெளிய உக்காந்து தின்னு."

"வெளியவா? கை வெறச்சுப் போகுதே."

"டிரம் எடுக்கிற ஆளு உள்ள வரக்கூடாது."

தலையாட்டிவிட்டு வெளியே ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தான். எங்கள் அடுப்புக்குச் சாமி உண்டு. அடுப்பில் கறி கருகக்கூடாது, குப்பை விழக்கூடாது, அசுத்தம் அண்டக்கூடாது. மீறினால் யாருக்காவது நோய் வரும். வெளிநாட்டுக்காரர்கள் மூக்குச் சிந்திய காகிதத்தைச் சிரித்துக்கொண்டே அடுப்புத் தீயில் போடுவார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே இடுக்கியால் எடுப்போம். மங்களே அடுப்பில் எதையும் போட்டதில்லை. அவனைத்தான் வெளியே வைத்தோம்.

கோட்டாங் பக்கத்து ஆள் அவன். ஆரஞ்சும் இஞ்சியும் விளைகிற ஊர். ஏலக்காய்த் தோட்டத்தில் நோய் விழுந்ததும் கத்தாருக்குப் போய் மூன்று வருஷம் கட்டடத்துக்குக் கம்பி கட்டினான். திரும்பி வந்து மனைவியோடு பன்றி வளர்த்தான். பனியை முதன்முதலில் தொட்டது இந்த முகாமுக்கு ஏறியபோதுதான், முப்பத்தாறு வயதில். விமானம் இறங்கும் லுக்லாவிலிருந்து மூன்றே நாளில் அவனை ஏற்றிக்கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களை அதே வழியில் பத்து நாள் நடத்துவோம், நடுவில் இரண்டு இடத்தில் ஓய்வு. அவர்கள் உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும். இவன் உடம்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை. நேபாளத்துக்காரனுக்கு மலை என்ன செய்யும் என்று அவனிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். நம்பிவிட்டான்.

இரண்டாம் நாள் கேட்டான்: "அண்ணே, இதுல எது இவங்க ஏறப்போற மலை?"

"இங்கேருந்து தெரியாது."

"தெரியாதா? அடிவாரம்னு சொன்னாங்க."

"அடிவாரந்தான். முன்னாடி நிக்கிற மலை மறைக்குது."

"அப்ப இவங்கல்லாம் எதப் பாத்து போட்டோ புடிக்கிறாங்க?"

"தெரிஞ்சதப் பாத்து."

அரை நிமிஷம் சிரித்தான். பிறகு இருமினான். அந்த இருமலை நான் கவனித்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்களில் கிரெக் என்று ஒருவர். அவர் ஊரில் பல் டாக்டர். காலையில் கூடாரத்திலிருந்து தலையை நீட்டும்போதே கையில் கேமரா இருக்கும். முகாமில் யாரைப் பார்த்தாலும் "ஹலோ ஷெர்பா." எங்களுக்கு ஷெர்பா என்றால் சாதி, பேச்சு, ஊர். அவருக்கு அது மூட்டை தூக்கும் வேலையின் பெயர். மங்களே முதல் இரண்டு நாள், "நான் ராய், சார்" என்றான். "வெரி குட், ராய் ஷெர்பா" என்றார் அவர். மூன்றாம் நாளிலிருந்து மங்களே கையை மட்டும் தூக்கினான்.

என்னிடம் எத்தனை முறை உச்சிக்குப் போயிருக்கிறாய் என்று கேட்டார். ஒரு முறையும் இல்லை என்றேன். இருபத்திரண்டு வருஷமாக இங்கே சமைக்கிறேன், முகாமுக்கு மேலே தொடங்கும் பனியருவியைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. அதைக் கேட்டு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மாம்பழத்தை வெட்டிப் புழுவைக் கண்டவர் மாதிரி.

தான் தனியாக ஏறப்போவதாகத் தினமும் கேமராவிடம் சொல்வார். கயிற்றை எங்கள் ஆட்கள் முன்னாலேயே போய்க் கட்டியாகிவிட்டது. அவர் கூடாரம், அவர் மூச்சுக்கான காற்று உருளை, அவர் தின்னும் உலர்ந்த மாம்பழத் துண்டு எல்லாம் வேறு முதுகில் ஏறிக்கொண்டிருந்தன. பரவாயில்லை, அதற்குத்தான் வருகிறோம். எனக்கு அருவருப்பாக இருந்தது வேறு. நடந்து போகும்போது வழியோரப் பனியைக் கைநிறைய அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். "உலகத்துலயே சுத்தமான தண்ணி" என்பார். டிரம் வைக்கும் பழக்கம் வருவதற்கு முன்னால் முப்பது நாற்பது வருஷம் அத்தனை பேரும் எங்கே குந்தினார்கள் என்று எனக்குத் தெரியும். பனி எதையும் தின்று தீர்ப்பதில்லை. மூடிவைத்துக்கொள்கிறது, பிறகு கொஞ்சம் கீழே தள்ளிப்போய்த் திருப்பித் தருகிறது. இதை அவரிடம் சொன்னதில்லை. அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பீடத்தை இடப்பக்கம் விட்ட அன்று மங்களே பாதி வழியிலேயே திரும்பிவிட்டான். கீழே கோரக்ஷேப்பில் மலம் கொட்டும் குழிக்குப் போக வேண்டிய டிரம் வழியில் ஒரு பாறை மேல் இருந்ததாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். வெறும் கூடையோடு வந்து தன் கல்லில் உட்கார்ந்தான். பத்து மணி இருக்கும். பூண்டு சூப் வைத்திருந்தேன். தலைவலிக்கு எல்லோருக்கும் அதைத்தான் கொடுப்போம். வாசலில் நின்றபடியே கிண்ணத்தை நீட்டினேன். வாங்கினான், கையிலிருந்து நழுவியது. குனிந்து வாந்தி எடுத்தான்.

"என்னடா, ரொம்ப ஏத்திட்டியா?"

"தலைக்குள்ள எவனோ கம்பி கட்டுறாண்ணே. இறுக்கி இறுக்கிக் கட்டுறான்."

நான் சிரித்தேன். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இருவரும் சிரித்தார்கள்.

கிரெக் கேமராவோடு வந்தார். "இவருக்கு உயர நோயா?" என்று தானே கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொன்னார். "இருக்காது. ஷெர்பாக்களுக்கு ரத்தமே வேற. அவங்களுக்கு அது வராது. இது நேத்துப் போட்ட சாராயம்."

எனக்குச் சிரிப்பு நின்றது. என் தாய்மாமன் ஷெர்பாதான். மேல்முகாமில் வாயில் நுரை தள்ளி இதே நோயில்தான் செத்தார். கீழே கொண்டுவரும்போது முகம் நீலமாக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். கெல்சன் முந்திக்கொண்டார்.

"ஆமா சார், குடி. நாளைக்கே வேற ஆள வரவழைக்கிறேன்."

மங்களே என்னைப் பார்த்து, "பன்னிக்குத் தண்ணி வச்சியா?" என்றான்.

"யாரப் பாத்துடா கேக்குற?"

"கேக்குறேன்ல? வெயிலு ஏறிடுச்சு. தண்ணி வச்சியா இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் பெண்டாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. பூட்ஸ் கயிற்றைக் கட்டப் பார்த்தான். வலது கால் கயிற்றை இடது கால் கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டான். நிதானமாக, அழகாக, கம்பி கட்டுகிறவனின் முடிச்சு. எழுந்தான், முன்பக்கமாகச் சரிந்தான்.

அருகில் இருந்தவன் நான். பிடித்தேன். அவன் முகம் என் முகத்தோடு வந்து இடித்தது. சட்டையில் டிரம்மின் நாற்றம். வாயில் பூண்டு, வாந்திப் புளிப்பு. சாராயத்தின் சுவடே இல்லை.

காலையிலிருந்து ஒன்பது பேர் அவனைக் குடிகாரன் என்றோம். வாயை முகர்ந்து பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அதற்கு அவன் பக்கத்தில் போக வேண்டும். யாரும் போகவில்லை. நாற்றத்துக்காக அவனைத் தள்ளிவைத்தோம்.

மருத்துவக் கூடாரத்துக்குத் தாங்கிக்கொண்டுபோனேன். டாக்டரம்மா தரையில் ஒரு கயிற்றை நேராகப் போட்டார்.

"குதிகாலும் விரலும் ஒட்டற மாதிரி இதுமேல நடங்க."

மங்களே கயிற்றைப் பார்த்தான். முதல் அடியிலேயே பக்கவாட்டில் விழுந்தான்.

"எத்தனை நாள்ல மேல வந்தாரு?"

"மூணு நாள்ல."

"மூணா?" ஊசி போட்டார். மூக்கில் காற்றுக் குழாயை வைத்தார். "மூளையில நீர் கோத்திருக்கு. இப்பவே இறக்கணும். ஹெலிகாப்டர் வராது, மேகத்தப் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் இங்க வச்சிருந்தா எழுந்திருக்க மாட்டாரு."

கெல்சனிடம் போனேன்.

"ஆளெல்லாம் மேல சுமையோட போயிருக்காங்க. யாரு தூக்குறது? நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

"நாளைக்கு இருக்க மாட்டான்."

"அதுக்கு?"

"நான் தூக்குறேன்."

"நீ போனா சமையல்?"

"ஒரு வேளைக்கு வேகவச்ச உருளக்கிழங்கத் தின்னட்டும். பல்லு ஒண்ணும் கொட்டிடாது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மிங்மா, அந்த டிரம் கூடைய முதுகுல மாட்டினா அடுப்பத் தொட முடியாது. தெரியுமில்ல?"

"வேற கூடை தாங்க."

"வேற கூடையெல்லாம் மேல போயிருச்சு."

"அப்ப அதுதான்."

கூடையின் ஒரு பக்கத்தை அரிவாளால் வெட்டி, கால் தொங்க அவனை உட்கார்த்தினோம். காற்று உருளையை மடியில் வைத்துக் கட்டினார் டாக்டரம்மா. நெற்றிப்பட்டை அவனுடையது, வியர்வையில் ஊறிக் காய்ந்து விறைத்திருந்தது. எழுந்து நின்றேன். அறுபது கிலோ இருப்பான். டிரம் நிறைந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கிரெக் எதிரில் வந்து, பின்பக்கமாக நடந்தபடியே படம் எடுத்தார். "இந்த மனுஷங்களோட பலம்..." என்று கேமராவிடம் தொடங்கினார்.

"வழிய விடுங்க சார்."

விட்டார். போகிறபோக்கில் மங்களேயின் கையில் ஒரு சாக்லேட்டை வைத்தார். அது இரண்டடி தாண்டி விழுந்தது.

பின்பக்கத்துச் சரளை மேட்டில் போனால் கால் மணி நேரம் கூடும். பீடத்துக்கு முன்னால் போனால் மூன்று நிமிஷம், ஆனால் பீடம் இடப்பக்கம் வரும். முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு பீடத்தையும் நான் இடப்பக்கம் விட்டதில்லை. விட்டேன். பின்னால் கெல்சன் காறித் துப்பும் சத்தம் கேட்டது. கத்தவில்லை.

வழியெல்லாம் மங்களே பன்றிகளைப் பற்றிப் பேசினான். ஒன்று சினை. பிறகு பேச்சு நின்றது. நான்தான் பேசினேன்.

"மங்களே."

முதுகைக் குலுக்கிப் பார்த்தேன்.

"டேய் செவ்வா! ஒரு கரண்டி கூடப் போடறேன், பேசுடா."

முதுகில் ஒரு முனகல். மேலே பார்க்காமல் நடந்தேன். காலையில் அவன் விட்டுப்போன டிரம் பாறை மேல் அப்படியே இருந்தது. அதைத் தாண்டினோம். குழிகளுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் மறுபடி பேச்சுக் கொடுத்தேன்.

"தண்ணி வச்சிட்டேன்டா. பன்னிக்கு."

"ம்" என்றான்.

கோரக்ஷேப்பில், ஆறு நாளாக அவன் டிரம் இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே அவனை இறக்கினேன். அங்கே குதிரைக்காரன் இருந்தான். முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டான். பிறகு மங்களேயின் கண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சேணத்தோடு சேர்த்துக் கட்டினான். பெரிச்சே மருத்துவமனைக்கு இறக்கம்தான். போனார்கள். நான் வெறும் கூடையோடு வெளிச்சம் இருக்கும்போதே மேலே திரும்பிவந்தேன்.

மறுநாள் காலை பெரிச்சேயிலிருந்து வாக்கிடாக்கியில் பேசினார்கள். மங்களே இரண்டு கோப்பை டீ குடித்தான். கயிற்றின் மேல் ஐந்தடி நடந்து ஆறாவதில் சாய்ந்தான். பிழைத்துக்கொள்வான், இனி மேலே அனுப்பாதீர்கள் என்றார்கள். பெயர் மங்கள் ஷெர்பாதானே என்று கேட்டார்கள். எங்கள் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. ராய் என்று திருத்தச் சொன்னேன். ஒன்பது மணிக்கு லாமா வந்து பீடத்தைச் சுத்தி செய்தார். மூன்று நாளைக்கு அடுப்புப் பக்கம் வராதே என்றார் கெல்சன். கக்கூஸ் டிரம் நிறைந்திருந்தது, எடுக்க ஆள் இல்லை. கூடையின் வெட்டிய பக்கத்தைக் கயிற்றால் கட்டி நான் எடுத்தேன். பாறை மேல் இருந்ததையும் சேர்த்து இரண்டு நடை, சரளை மேட்டு வழியாக. கிரெக் எதிரில் வந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார். மதியம் மங்களேயின் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பருப்பில் உப்புக் கூடுதல்.