ஈஸ்டர் ஆட்டின் மூளை

நாற்பது வருடம் நான் ஆராய்ந்தது ஒரு இடைவெளியை. இரண்டு நரம்புச் செல்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறு இடுக்கையும், அதைத் தாண்டிச் சேதி கொண்டுபோகும் மூலக்கூறுகளையும். இதெல்லாம் தொடங்கிய இடம் எந்த ஆய்வுக்கூடமும் இல்லை, வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டு அடுக்களை.

தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. ஈஸ்டர் விடிந்ததும் வீட்டில் வளர்த்த ஆட்டை அறுப்போம். ஆட்டின் மூளை படிக்கிற பிள்ளைக்கு என்பது வீட்டுச் சட்டம். படிக்கிற பிள்ளை என்றால் அண்ணன். ஒரே வகுப்பில் இரண்டு தடவை தோற்றபோதும் மூளை அவன் தட்டில்தான் விழுந்தது. திருச்சியில் விலங்கியல் படித்த எனக்கு ஈரல் துண்டு.

இரண்டாம் உலக யுத்தம் ஓயாத அந்த வருடம், மூளை எனக்கு வேண்டும் என்றேன்.

"ஒனக்கு எதுக்குடி அது?" என்றாள் அம்மா.

"திங்கறதுக்கில்லம்மா, பாக்கறதுக்கு."

"திங்காம பாத்துக்கிட்டு இருந்தா அறிவு வந்துருமாக்கும்!"

காரணம் இருந்தது. விடுமுறைக்குக் கிளம்பும்போது எங்கள் பேராசிரியை இரண்டு சீசா கொடுத்திருந்தார். ஒன்றில் ஆரஞ்சு நிறக் கரைசல், மற்றதில் வெள்ளி உப்பு. இவற்றில் மூளைத் துண்டை ஊறவைத்து ஒரு நரம்புச் செல்லை முழுதாகக் காட்டினால், சென்னையில் மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்பாவோ ஆசிரியப் பயிற்சி விண்ணப்பத்தை வாங்கி, என் கையெழுத்துக்காக மேஜைமேல் வைத்திருந்தார். இரண்டில் ஒன்று ஜூனுக்குள் முடிவாக வேண்டும்.

அம்மா மனமிரங்கினாள். இரங்கியவள், கறிக்குச் செய்வதுபோலவே மூளையை உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, "சுத்தமா இருக்கு பாரு" என்று நீட்டினாள். நான் பாத்திரத்தைக் கீழே வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அடுத்த ஆடு கிறிஸ்மஸுக்குத்தான். வேறு வழியில்லாமல் மஞ்சள் பட்ட மேற்புறத்தைச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருந்ததை ஊறப்போட்டேன். கரைசலில் ஒரு வாரம், வெள்ளி உப்பில் இரண்டு நாள், வெளிச்சம் படாமல் நெல் குதிருக்குள். பிறகு கோயில் மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி அதில் பதித்து, அப்பாவின் சவரக் கத்தியால் மெலிசாகச் சீவினேன். பல்வலிக்கு வைத்திருந்த கிராம்பு எண்ணெயில் தோய்த்ததும் சீவல்கள் கண்ணாடிபோல் தெளிந்தன.

மைக்ராஸ்கோப் அரியலூர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. பெண்ணைத் தனியே அனுப்ப மாட்டேன் என்று அப்பாவும் வந்தார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் போனோம். டாக்டர், "உட்காந்து பாருங்கம்மா" என்று இடம் விட்டார்.

முதல் சீவலில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் வெறும் கறுப்புத் திட்டுகள். மூன்றாவதில், மஞ்சள் வெளியின் நடுவே, ஒரு செல் மைக்கறுப்பாகத் தண்டும் கிளையுமாக நின்றது. அந்த நிறம் அம்மாவின் மஞ்சளா மருந்தின் மஞ்சளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அதைச் சுற்றி எத்தனையோ செல்கள் கண்ணுக்குப் படாமல் இருந்தன. வெள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பொறுக்கிக் கறுப்பாக்கும். ஏன் என்று அன்று யாருக்கும் தெரியாது, இன்றும் முழுதாகத் தெரியாது. கயிற்றை அவிழ்த்துவிட்டாலும் நாங்கள் வளர்த்த அந்த ஆடு சாயங்காலமானால் எங்கள் வாசலைத் தேடி வந்தது இதை வைத்துத்தானா! சொல்ல வெட்கமில்லை, அழுதுவிட்டேன்.

"என்னாச்சு புள்ள?" என்று அப்பா பதறினார்.

"நீங்களே பாருங்கப்பா."

அப்பா முந்திரித் தோப்புக்காரர், மரம் பார்க்கிற கண். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"ஓரத்துல இன்னொண்ணு நிக்குது. இதோட கெள அதுக்கிட்ட வரைக்கும் போவுது, ஆனா தொடல."

"ஆமாங்கப்பா. இதுங்க வழியாத்தான் ஒடம்புல சேதி போவுது."

"தொடாம எப்புடி சேதி போவும்?"

"தெரியலப்பா. படிச்சாத்தான் தெரியும்."

அவர் மறுபடியும் குனிந்து குழலில் கண்ணை வைத்தார்.

மறுநாள் காலை மேஜைமேல் விண்ணப்பம் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் பென்சிலால் இரண்டு மரங்கள், தொட்டும் தொடாமலும் நீண்ட இரண்டு கிளைகள். நடுவில் இருந்த இடைவெளியை மட்டும் வட்டம் போட்டிருந்தார்.

"இந்த பாரம் இனிமே ஆவாது, கிறுக்கிட்டேன்" என்றார் அப்பா. "மெட்ராஸுக்குப் போயி, இந்த எடத்துல என்னா நடக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."