ஒற்றைக் காதில் வீணை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், இறந்துபோன என் தங்கை ராசம்மாவின் மகள் ஜீவராணி, அவள் புருஷன் பிரதாப். வாசலுக்கு வெளியே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஆண்டியப்பன் நின்றார். அவரையும் சேர்த்தால் நான்கு பேர். ராசம்மாவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நடந்தது உண்மை. நால்வரும் உயிரோடுதான் இருக்கிறோம். சந்தேகப்படுகிறவர்கள் கொட்டகலைக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம். பல வருஷம் தேயிலைத் தோட்டத்து மேற்பார்வையாளனாக, கண்டாக்காக நின்று மலையில் ஆட்களை வேலை வாங்கியவன் நான். பேய்க் கதை சொல்லிப் பேர் வாங்க வேண்டிய நிலை எனக்கில்லை.

ராசம்மாவை அடக்கம் செய்து மூன்றாம் நாள். ஐப்பசி மழை. மூன்று இரவாக நான் சரியாகத் தூங்கவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்திருந்தது.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு முறை உண்டு. சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும் வரை பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. டிவி, ரேடியோ, போன், எதுவும் கூடாது. மறைக்கவும் முடியாது. லயத்துச் சுவர்கள் கூரை வரை எழும்புவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் பரிவட்டம் எங்கள் குடும்பத்துக்குத்தான். என் அப்பா காலத்திலிருந்து அப்படி. ஆண்டியப்பனுக்கு அதன் மேல் வெகுநாளாக ஒரு கண். எங்கள் வீட்டில் ஒரு முறைகேடு நடக்காதா என்று காத்திருந்த மனிதர்.

ராசம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுந்து பறித்தே தேய்ந்தவள். கடைசி ஒரு வருஷம் நெஞ்சு நோயால் படுக்கையில் கிடந்தாள். மகளின் பழைய போனில் எதையோ தேடப்போய், தானாக ஒரு வீணை வந்திருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலை. சினிமாப் பாட்டை விட்டுவிட்டாள். நாள் முழுக்க வீணை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு காது வயரைக் கழற்றி என் பக்கம் நீட்டுவாள்.

"அண்ணே, ஒரே ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

"படுத்துக் கெடக்குற ஒனக்குப் பொழுது போகல. எனக்கு வேல இருக்கு."

ஒவ்வொரு முறையும் நீட்டினாள். ஒவ்வொரு முறையும் மறுத்தேன். அதில் தவறு இருப்பதாக நான் இன்றும் நினைக்கவில்லை.

மாலை 7.10க்கு மின்சாரம் போனது. லயம் முழுக்க இருட்டு. ராசம்மா கிடந்த இடத்தில் வைத்த விளக்கு மட்டும் எரிந்தது. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர்.

கொஞ்ச நேரத்தில்... ஒரு தந்தியின் சத்தம்.

ஒன்றுதான். பிறகு மழை. பிறகு மறுபடியும்.

"பிரதாப், போன நிப்பாட்டு."

"சார்ஜே இல்லீங்க மாமா. காலையிலேயே செத்துப்போச்சு."

ஜீவராணி தன் போனை என் கையில் கொடுத்தாள். அதுவும் அணைந்து கிடந்தது. பக்கத்து வீடு போன மாதத்திலிருந்து பூட்டு. அவர்கள் கொழும்பில்.

வீணை நிற்கவில்லை.

வெளியே குடையைத் தட்டும் சத்தம். ஆண்டியப்பன்.

"என்னங்க கண்டாக்கையா, சாவு வீட்டுல கச்சேரியா? பெரிய குடும்பத்துக்குன்னு தனி மொறை ஏதும் இருக்கோ?"

"இங்க யாரும் எதுவும் போடல."

"அப்ப மழையா வீணை வாசிக்குது?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"சரிங்க. கோயில் கமிட்டி கேட்டுக்கட்டும்." கதவு இடுக்கில் அவர் போனின் வெளிச்சம் தெரிந்தது. பதிவு செய்கிறார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எழுந்தேன். நின்றுவிட்டது.

உட்கார்ந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மறுபடி எழுந்தேன். நின்றது. உட்கார்ந்தேன். தொடர்ந்தது.

மூன்றாம் முறை நான் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி ஒரு காரணம். மற்றக் காரணத்தை எழுத வேண்டியதில்லை.

ஒரு சுரத்தைப் பிடித்து, விடாமல் அசைத்து, கீழே இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது அந்த வீணை. பிறகு மெல்ல இறங்கியது. அவசரமே இல்லை. இத்தனை பொறுமையை நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை. மூன்று நாள் களைப்பு தோளிலிருந்து கழன்று விழுவது போல இருந்தது. கண்ணை மூடினேன்.

அப்போதுதான் கவனித்தேன்.

சத்தம் சுவர்ப் பக்கம் இல்லை.

விளக்கின் பக்கம்.

பிறகு... என் பக்கம்.

தைல வாசம். ராசம்மா நெஞ்சில் தேய்க்கும் அதே தைலம்.

விளக்குச் சுடர் என்னை நோக்கிச் சாய்ந்திருந்தது. காற்று இல்லை.

இடது காதில் மழை.

வலது காதில் வீணை.

வலது காதில் மட்டும்.

சின்னதாக ஏதோ ஒன்று... குளிர்ச்சியாக... காதுக்குள் மெதுவாகப் பொருந்தியது.

நான் அசையவில்லை.

7.50. மின்சாரம் வந்தது. காதைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒன்றுமில்லை.

ஜீவராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மாவோட அந்தக் காது வயர் எங்க?"



"பொதைக்கிறப்ப அம்மாவோட பெட்டியிலேயே வச்சுட்டேன் மாமா. ஒங்களுக்குப் புடிக்காதுன்னு சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டி கூடியது. நான் வெள்ளை வேட்டி கட்டிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஆண்டியப்பன் எல்லோர் முன்னாலும் போனை மேசையில் வைத்தார்.

"கேளுங்க. பரிவட்டம் கட்டுற குடும்பத்தோட லட்சணத்தக் கேளுங்க."

மழைச் சத்தம் கேட்டது.

மழை மட்டும். வீணை இல்லை.

"அன்னைக்கு என் காதால கேட்டேங்க," என்றார் ஆண்டியப்பன்.

"ஒனக்கு அன்னைக்குத் தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் போனில் ஒரு பெண் குரல் கேட்டது. மெதுவாக. மிக அருகில். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த குரல்.

"அண்ணே... நல்லாருக்கா?"

மழை.

பிறகு ஓர் ஆண் குரல். "ம்."

ஒருவரும் அசையவில்லை. ஆண்டியப்பன் போனை எடுக்காமலே எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு பரிவட்டப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அது எங்கள் குடும்பத்திடமே இருக்கிறது.

ஆனால் ஹட்டன் வரை ஒரு வதந்தி போயிருக்கிறது. செத்த தங்கச்சி கேட்க, கண்டாக்கையா பதில் சொன்னாராம். அந்த "ம்" என்னுடையதாம்.

அது தவறு. அன்று வீணை ஆரம்பித்ததிலிருந்து பிரதாப்பிடம் போனை நிறுத்தச் சொன்னதையும் ஆண்டியப்பனுக்குச் சொன்ன ஒரு பதிலையும் தவிர, மின்சாரம் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. ராசம்மாவின் கேள்வியும் என் காதில் விழவில்லை. நான் வீணையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.