எல்லோரையும் அழைத்து வந்த அக்கா

வருகிற அறுவடையோடு அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். பத்தாம் வகுப்பில் தேறியும் மேலே படிக்கவில்லை. அம்மா வயலுக்குப் போனால் சிறுபிள்ளையாக இருந்த என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

மணமாகி மன்னார்குடிப் பக்கம் போனார். அத்தான் நெல் லாரி ஓட்டினார். விபத்தில் அவர் மறைந்ததும், கைக்குழந்தையோடு அக்கா பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் மகளை வளர்த்தார்.

மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, தஞ்சாவூரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்பில் சேர்ந்தார்.

"இந்த வயசுல பையை மாட்டிக்கிட்டு பஸ் ஏறுறியே, ஊரு சிரிக்காதாடி?" என்றார் அம்மா.

"சிரிக்கட்டும்மா. நாளைக்கு உடம்புக்கு முடியலன்னா நம்ம வீட்டைத்தான் தேடி வருவாங்க."

அப்படியே வந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கவும் புண்ணுக்குக் கட்டுப்போடவும் அக்காவைத்தான் தேடினார்கள்.

அந்தக் கல்லூரி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கான மருத்துவ முகாம் நடத்தியது. மார்பகப் பரிசோதனை என்றதும் பெண்கள் கூசி ஒதுங்கினார்கள். அக்கா வயல் வரப்பில் நின்று அழைத்தார்: "பொம்பள டாக்டர்தான் பாப்பாங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன், வாங்க." வகுப்பறை ஜன்னல்களுக்குத் தம் சேலைகளையே திரையாகக் கட்டினார். நம்பி வந்தவர்களில் பக்கத்து வீட்டு சரோஜா அத்தைக்குச் சிறு கட்டி இருந்தது தெரிந்தது. தொடக்கத்திலேயே கண்டதால் அவர் குணமடைந்தார்.

எல்லோரும் போன பிறகு மருத்துவர், "நீங்களும் வாங்க, பாத்துடலாம்" என்றார். அக்கா தயங்கித் தயங்கித்தான் போனார்.

"இந்தக் கட்டி எவ்வளவு நாளா இருக்கு?"

"கொஞ்ச நாளாவே இருக்கு டாக்டர். ஆஸ்பத்திரின்னு போனா படிப்பு நின்னுடுமோன்னு பயந்துட்டேன்."

நோய் அதற்குள் பரவியிருந்தது. படித்தவர், தெரிந்தே சும்மா இருந்திருக்கிறார். அதை நினைக்கும்போதுதான் எங்களுக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

சிகிச்சைக்கு நடுவிலும் தேர்வு எழுதினார். பட்டமளிப்பு விழாவுக்கு எழுந்து போக முடியவில்லை. ஆசிரியர்களே வந்து, எங்கள் பள்ளிக்கூட மரத்தடியில் நாற்காலி போட்டு, ஊரார் முன்னிலையில் சான்றிதழைக் கொடுத்தார்கள். முடி உதிர்ந்த தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு அக்கா வாங்கினார். அம்மா வாய்விட்டு அழுதார். "அழாதம்மா, போட்டோ எடுக்கிறாங்க" என்றார் அக்கா. இந்த நினைவு மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான்.

அடுத்த சில வாரங்களில், அம்மாவின் மடியில் அக்காவின் உயிர் பிரிந்தது.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், வீடு தேடி வந்த ஆசிரியர்களுக்கும், கடைசிவரை கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த சரோஜா அத்தைக்கும், இறுதி ஊர்வலத்தில் உடன் நடந்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெண்களிடம் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "ஒண்ணுமில்ல" என்றால் விட்டுவிடாதீர்கள். நாங்கள் அக்காவிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கண்ணீருடன்,
தம்பி