பாய், மேடம் இல்லீங்களா?

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிற தொழிலில் "இன்னும் பெருசா எடுங்க சார்" என்று சொல்ல யாராலும் முடியும். "உங்களுக்கு இது போதும்" என்று சொல்லி வந்தவரை நம்ப வைப்பதுதான் கஷ்டம்.

என் பெயர் ஜாபர். நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் நான் 'பாய்'. கடையில் தினம் வரும் குழப்பம் ஒன்றுதான்: எல்லாரும் வாங்குகிற டெஸ்க்டாப் பிராசஸரா, விலை பல மடங்கு கூடிய ஒர்க்ஸ்டேஷன் பிராசஸரா? முதலாவதில் கோர், அதாவது உள்ளே தனித்தனியாக வேலை பார்க்கும் மூளைகள், குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் நல்ல வேகம். இரண்டாவதில் கோர் ஏராளம், மெமரியும் நிறையப் போடலாம். நாள் கணக்கில் ஓடுகிற பெரிய வேலையைப் பிரித்துப் போட்டுத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு கோரும் கொஞ்சம் நிதானம். இந்த வித்தியாசமெல்லாம் இங்கே யாருக்கும் வேண்டாம். பக்கத்து குவார்ட்டர்ஸில் பெரியது வாங்கியிருந்தால் நமக்கும் பெரியது வேண்டும்.

இத்தனை வருஷம் இதை முடிவு செய்தவன் நான். மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவி நஸீமா கடைக்கு வந்தாள். பண்ருட்டியில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. வேறு வேலை கிடைக்கும் வரை கடையில் வந்து உட்காரேன் என்று சொன்னது நான்தான். மனைவியோ தம்பியோ கூட்டாளியோ, தன் தொழிலைத் தன்னைவிட நன்றாகப் பண்ணக்கூடிய ஒருவரைத் தானே கூப்பிட்டு, தானே நாற்காலி போட்டு உட்கார வைத்தவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு என் எரிச்சல் புரியாது.

முப்பத்திரண்டு கோர்

நிலக்கரி மைன்ஸில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் வந்தார். வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறார். "செலவப் பத்திக் கவலையில்ல பாய். ஒர்க்ஸ்டேஷனே போடுங்க, முப்பத்திரண்டு கோர்" என்றார். அந்த வாரத்திலேயே பெரிய ஆர்டர். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த நஸீமா, "சார், ஒரு நாள்ல எந்த வேலைக்காக அதிகமா காத்துக்கினு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். கோடு போட்டால் உடனே விழுவதில்லை, படத்தைப் பெரிது பண்ணினால் திக்கித் திக்கி நகர்கிறது என்றார். "அது ஒரே ஒரு கோர் பண்ற வேலை சார். மீதி முப்பத்தொண்ணும் சும்மா உக்காந்துக்கினு இருக்கும். வேகமான டெஸ்க்டாப் பிராசஸர் போதும், உங்களுக்கு அதுதான் இன்னும் சட்டுனு ஓடும்" என்றாள். என் பெரிய ஆர்டர் என் கண் முன்னாலேயே சின்ன ஆர்டராகிப் போனது.

பத்து நாள் கழித்து பெரிய பலாப்பழம் ஒன்றோடு வந்தார். ஸ்க்ரூ முடுக்கியது நான், வயர் கட்டியது நான், மாடிப்படி ஏறி அவர் குவார்ட்டர்ஸில் கொண்டுபோய் வைத்ததும் நான். பழம் நஸீமாவின் மேஜைக்குப் போனது. என்னைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னார்: "பொட்டி அருமையா ஓடுது பாய். மேடம் கேட்டாங்களே ஒரு கேள்வி, அத இத்தன வருஷத்துல என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல."

போனில் சொன்ன பொய்

செல்வம் மேல்பட்டாம்பாக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். என் சொந்த ஊர்க்காரன், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கல்யாண வீடியோ எடிட் பண்ண புது மெஷின் வேண்டுமென்று போன் பண்ணினான். "ஜாபரு, நல்லாக்கிறியா? மேடம் இல்ல? அவங்ககிட்ட குடு."

"அவ இல்லடா, பண்ருட்டி போயிருக்கா" என்றேன். நஸீமா எனக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஒரு கேபினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நான் இங்கதான இருக்கேன்?" என்று சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

செல்வத்துக்கு நானே சொன்னேன். உனக்கு ஒர்க்ஸ்டேஷன் வேண்டாம், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற டெஸ்க்டாப் பிராசஸர் எடு, வீடியோவைத் திக்காமல் ஓட்டிக் காட்டவும் முடித்துக் கொடுக்கவும் அதுதான் வசதி என்றேன். அத்தனையும் சரியான பேச்சு. நஸீமாவே சொல்லியிருந்தாலும் ஒரு வார்த்தை மாறியிருக்காது. செல்வம் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "சரிடா, மேடம் வந்தவுடனே இத ஒரு தடவ கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணு" என்றான்.

டீ

எங்கள் வரிசையில் டீ கொண்டுவருகிறவர் ராமலிங்கம் அண்ணன். கடை திறந்த நாளிலிருந்து காலை பதினொன்றுக்கு முதல் டீ எனக்குத்தான். ஒரு நாள் அவர் நேராக உள்ளே போய் நஸீமாவுக்கு வைத்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், "என்னண்ணே, ரூட்டு மாறிப்போச்சு?" என்று சிரித்தபடி கேட்டேன். சிரிப்பு சரியாக வரவில்லை. அவர் ஒன்றும் நினைக்காமல் சொன்னார்: "அங்கதான பாய் கஸ்டமரு உக்காந்துக்கினு இருக்காங்க."

நான் காத்திருந்த ஒரு வாக்கியம்

தமிழரசி வளையமாதேவிப் பக்கத்துப் பெண். சிவில் டிப்ளமோ படித்தவள். ட்ரோனைப் பறக்கவிட்டு நிலத்தைப் படம் பிடிப்பாள். ஆயிரக்கணக்கான படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கித் தருவது அவள் தொழில். சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது சம்பந்தமாக ஒரு விசாரணை வரப்போகிறது, எந்த வயலில் கிணறு, எதில் போர்வெல், எதில் எத்தனை மரம் என்று காட்ட வரைபடம் வேண்டும் என்று அவள் ஊர்க்காரர்கள் அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதில் அவள் அப்பாவின் வயலும் உண்டு. அதுவரை தெரிந்தவர் ஆபீஸில் கெஞ்சி வேலை பார்த்தவள், சொந்தமாக மெஷின் வாங்க முடிவு பண்ணி நஸீமாவுக்குப் போன் பண்ணினாள். இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

மறுநாள் நஸீமா தங்கையின் பிரசவத்துக்காகப் பண்ருட்டி போனாள். போகும்போது, "அந்தப் பொண்ணு வரும். ஒர்க்ஸ்டேஷன்தான் போடணும். மெமரியும் நிறைய" என்றாள். போதாததற்கு ஒரு சீட்டிலும் எழுதி என் மேஜையில் ஒட்டினாள். நான் அந்தச் சீட்டைப் படித்தேன். பிய்த்து டிராயரில் போட்டேன்.

தமிழரசி வந்தாள். "உனக்கு எதுக்கும்மா அவ்ளோ பெருசு? இப்பதான் தொழில் ஆரம்பிக்கிற. டெஸ்க்டாப் பிராசஸரே இப்பல்லாம் பிரமாதமா வருது, இது போதும்" என்றேன். நஸீமாவின் குரலில் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிய சொற்கள். வாயில் வரும்போது இனித்தது. மேடம் வேறு மாதிரி சொன்னார்களே என்று அவள் ஒரு முறை இழுத்தாள். "அவங்க படிச்சுட்டுச் சொல்றாங்க. நான் பதினெட்டு வருஷமா கையில தொட்டுச் சொல்றேன்" என்றேன். செலவு குறைந்ததில் அவள் முகத்திலிருந்த பாரம் இறங்கியது. எத்தனையோ மாதமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த வாக்கியத்தை அவள்தான் சொன்னாள்: "மேடத்தவிட நீங்கதான் பாய் எங்க நெலம புரிஞ்சு சொல்றீங்க."

அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, ஷட்டரைத் தூக்கும்போதே தமிழரசி மெஷினோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். "ஒரு நாள் முழுக்க ஓடுது பாய். படத்தயெல்லாம் சேக்குற எடம் வந்ததும் மெமரி பத்தலன்னு நின்னுடுது. மூணு தடவ பாத்துட்டேன். வெள்ளிக்கெழம காலையில வரைபடத்த எடுத்துக்கினு போவணும்."

கடையில் இருந்த மெமரியையெல்லாம் எடுத்து நாலு ஸ்லாட்டிலும் நிரப்பினேன். இப்போது நிற்கவில்லை. ஆனால் திரை, முடிய இன்னும் ஏழு நாள் ஆகும் என்று காட்டியது. ஆறு கோர் அத்தனை படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. தமிழரசி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தங்கைக்குப் பிரசவம் முடிந்து, மதிய பஸ்ஸில் நஸீமா வந்து சேர்ந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் திரையைப் பார்த்தாள், திறந்திருந்த கேபினெட்டைப் பார்த்தாள். "சீட்டு எழுதி வெச்சனே. பாக்கலீங்களா?" பாக்கலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தமிழரசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தேன்" என்றேன்.

நஸீமா பையைக் கீழே வைத்தாள். பாண்டிச்சேரியில் ஒரு மொத்தக் கடைக்குப் போன் பண்ணி, முப்பத்திரண்டு கோர் பிராசஸரும் அதற்கான போர்டும் இருக்கிறதா என்று விசாரித்தாள். இருந்தது. "நான் போய் வாங்கிட்டு வரேன்" என்றேன். "நீங்க தனியாப் போனா வேற எதனா வாங்கினு வருவீங்க" என்றாள். செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேரும் போனோம்.

திரும்பும்போது பஸ்ஸில் பிராசஸர் பெட்டியை அவள் மடியில் வைத்திருந்தாள், போர்டு என் மடியில். பாதி வழியில் நானே ஆரம்பித்தேன். "கடைக்கு வர்றவன் எல்லாம் உன்னையே கேக்குறான். ஒருத்தராவது என் பேச்ச மட்டும் கேட்டு வாங்கினு போவட்டுமேன்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல." அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "என் மேல எரிச்சல்னா என்கிட்ட காட்டி இருக்கணும். அந்தப் பொண்ணு உங்கள என்ன பண்ணுச்சு?"

கிணறு

செவ்வாய் சாயங்காலம் மெஷினை மறுபடி பொருத்தி ஓடவிட்டோம். நான் ஸ்க்ரூ முடுக்கினேன், அவள் மெமரியை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். புதன்கிழமை முழுக்க அது ஓடியது. கரண்டு போய்விடக் கூடாதே என்று யுபிஎஸ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் நஸீமாவிடமே போனார்கள். அன்று ஒரு நாள் அது எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வரைபடம் வந்தது. தமிழரசி அதைப் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்தாள். வரப்புகள், முந்திரி மரங்கள், ஒரு மாட்டுக்கொட்டகை. ஓர் இடத்தில் நிறுத்தி, "எங்க கெணறு" என்றாள். வட்டமாக, கருப்பாக, ஓரத்தில் மோட்டார் ஷெட்டோடு தெளிவாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். தப்பாகக் கொடுத்த பிராசஸரையும் போர்டையும் கடைக்கே எடுத்துக்கொண்டேன். அவள் கோபமாகப் பேசவில்லை. மெஷினை ஆட்டோவில் ஏற்றிவிட்டு என்னிடம் திரும்பி வந்து சொன்னாள்: "மேடம் போன்ல என்னை அவ்ளோ கேள்வி கேட்டாங்க. நீங்க ஒண்ணுகூடக் கேக்கல பாய். எனக்கு அப்பவே தோணியிருக்கணும்."

பொம்மலாட்ட சார்

அதற்குப் பிறகு நான் அடங்கிப்போனேன் என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை வரைபடம் ஒப்படைத்தாகிவிட்டது என்று தமிழரசி போன் பண்ணியதும் நஸீமாவுக்குத்தான். தமிழரசி சொல்லி, பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் வாசலிலேயே என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது. ஆனால் எரியும்போது வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். பிள்ளைகளுக்காகப் பொம்மைகள் பேசுகிற அனிமேஷன் படம் தானே செய்கிறாராம். வழக்கம்போல நஸீமாவைத் தேடினார். அவள் ஒரு பிரிண்டரைப் பிரித்து வைத்திருந்தாள். "அவர்கிட்டயே கேளுங்க சார்" என்றாள். எனக்கு அது பிச்சை போட்டது போல இருந்தது. இருந்தாலும் உட்கார வைத்துக் கேட்டேன். ஒரு படம் எத்தனை நிமிஷம்? பொம்மையை அசைக்கும்போது தடங்குகிறதா, கடைசியில் படமாகத் திரட்டும்போது காத்திருக்கிறீர்களா? எதில் உங்களுக்கு எரிச்சல்? அவசரமா? கடைசித் திரட்டலை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன், அதில் அவசரமில்லை, அசைக்கும்போதுதான் உயிர் போகிறது என்றார். அரை மணி நேரம் ஆனது. "டெஸ்க்டாப் பிராசஸரே எடுங்க சார். அசைக்கிற வேலைக்கு அதுதான் வேகம். அனிமேஷனே முழுநேரத் தொழிலா ஆச்சுன்னா அப்ப வாங்க, ஒர்க்ஸ்டேஷன் பத்திப் பேசுவோம்" என்றேன்.

ஆசிரியர் தலையாட்டினார். பிறகு என் தோளுக்கு மேலாக எட்டி, "சரிங்களா மேடம்?" என்றார்.

நஸீமா பிரிண்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவர் கேட்டுட்டுத்தான சொல்றாரு. சரியாத்தான் இருக்கும்."

இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் இதுதான் என்பதும், அதையும் அவளே கொடுக்கவேண்டி வந்தது என்பதும், இதை எழுதும் இந்த நிமிஷம்வரை எனக்கு வயிற்றெரிச்சல்தான்.