பால் போராட்டம்

மெல்போர்னில் முன்பின் தெரியாதவர்கள்கூட என் மகனைப் பார்த்ததும் வாய் நிறையப் புகழ்கிறார்கள். டிராமில், கடையில், லிஃப்டில், எங்கே போனாலும் "கார்ஜியஸ்" தான். கடலூரில் கைக்குழந்தையை இப்படி நேருக்கு நேர் அழகு என்று சொல்லிவிட்டு ஒருவர் நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியுமா? சாயங்காலமே மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டுவிடுவார்கள். இங்கே அவன் கன்னத்தில் நான் வைத்த மைப்பொட்டை, எடை பார்க்கும் நர்ஸ் அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பிறகு எடை போட்டாள். ஏறவில்லை. நன்றாகப் பால் கொடு, அடுத்த முறையும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றாள். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

தானே புயல் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போயிருந்த சமயம். அங்கே பனி, இங்கே மண்டையைப் பிளக்கும் வெயில். பால் கொடுக்கும்போது துப்பட்டாவைப் போட்டு மூடினால் பிள்ளை வியர்த்துப்போய்த் தலையைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் காபிக் கடையில் அவன் பசியில் வீறிட்டபோது, வருவது வரட்டும் என்று துணியை எடுத்துவிட்டேன். மடமடவென்று குடித்தான். கடைக்காரப் பெண் வந்து, டாய்லெட்டில் போய்க் கொடுக்கலாமே என்றாள். நீ அங்கே உட்கார்ந்தா சாப்பிடுகிறாய் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். இங்கிலீஷ் வரவில்லை, அழுகைதான் வந்தது.

பக்கத்து வீட்டு ஜூலியும் கைக்குழந்தைக்காரி. கேட்டதும் கொதித்துப்போனாள். சனிக்கிழமை தாய்மார்கள் எல்லாரும் அந்தக் கடை வாசலில் உட்கார்ந்து பால் கொடுக்கப் போகிறோம், நீதான் நடுவில் என்றாள். என் கணவர் சேகருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம்மா நமக்கு. போட்டோ கீட்டோ பேப்பர்ல வந்து விசாவுக்கு எதுனா ஆயிடப்போவுது."

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா, இங்க பாலுக்காகப் போராட்டம் பண்றாங்க. என்னையும் கூப்புடறாங்க."

"அங்கயும் வெல ஏத்திட்டாங்களாடி?"

அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டேன். விவரம் சொன்னேன். மானம் போச்சு என்று திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"குடுக்கறதுக்கு என்னாடி வெக்கம்? நாங்க பஸ்ல குடுக்கல? அத்தினி பேர் கும்பலா பாத்தா புள்ளைக்குக் கண்ணு பட்டுடாதா? ஏற்கெனவே எட ஏறலன்ற."

பஸ் என்றதும் அக்கா ஞாபகம் வந்தது. சிதம்பரம் போகிற பஸ்ஸில் நெரிசல், அவள் கையில் குழந்தை கத்துகிறது. "யோவ், எழுந்திரிய்யா, புள்ள பாலுக்கு அழுவுது!" என்று கண்டக்டர் போட்ட சத்தத்தில் ஒருவர் பதறி எழுந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையை இழுத்துவிட்டாள். நின்றவர்கள் தாமாகவே வேறு பக்கம் பார்த்தார்கள். எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லமாட்டேன், வெறிக்கிறவனும் அதே பஸ்ஸில்தான் வருவான். ஆனாலும் அவளை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை போனேன். ஜூலி என் துப்பட்டாவைப் பார்த்துவிட்டு, வெட்கப்படாதே என்றாள்.

"நாட் ஷை. ஐஸ்... பேபி, ஐஸ்" என்று கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

அவனுக்குக் கண்ணில் கோளாறு என்று அவள் புரிந்துகொண்டாள். பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள், மற்றவர்களையும் கூப்பிட்டாள். அடக் கடவுளே! எந்தக் கண்களுக்குப் பயந்தேனோ அத்தனையும் என் பிள்ளையைச் சுற்றி வந்து நின்றன. கேமராக்காரன் ஒருவனும் வந்துவிட்டான். பிள்ளை வீறிட்டு அழுகிறான். மூடினால் குடிக்கமாட்டான், திறந்தால் கண் பட்டுவிடும். துப்பட்டாவை எடுத்து வீசிவிட்டு, உள்ளங்கையை அவன் முகத்துக்குக் குறுக்கே வைத்து மறைத்தேன். குடித்தான்.

அந்த வாரம் எடை கொஞ்சம் ஏறியிருந்தது. போராட்டத்தால் உனக்குத் தைரியம் வந்தது, அதனால்தான் என்றாள் ஜூலி. கையால் மறைத்தாயே, அதனால்தான் என்றாள் அம்மா. எனக்குத் தெரியவில்லை. பேப்பரில் வந்த படத்தைப் பார்க்கும்போதெல்லாம், திறந்த மார்பு இந்த ஊர்க்காரி ஒருத்தியுடையது போலவும், முகத்தை மறைத்த கை மட்டும் கடலூரிலிருந்து நீண்டு வந்தது போலவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அவன் குடித்துக்கொண்டிருக்கிறான்.